தடுப்பூசி விளம்பரமும் எங்கள் வரிப்பணமும்

(நூற்றாண்டு நிறைவையொட்டி நடைபெற்ற பழைய மாணவியர் ஒன்றுகூடலில், சுகாதாரத் துறையில் பணியாற்றிய மாணவியர் குழுவின் சார்பில் வாசிக்கப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



கல்லூரியின் பழைய நாட்களைப் பேசுவதற்கு இந்த மண்டபத்தில் எங்களைவிடத் தகுதியானவர்கள் பலர் இருக்கிறார்கள். ஆகையால் எங்களுக்குத் தரப்பட்ட அரை மணி நேரத்தை வேறொரு விடயத்துக்குப் பயன்படுத்த அனுமதி கேட்டோம். சங்கம் மனமுவந்து தந்தது. எங்களில் சிலர் வைத்தியர்கள். சிலர் தாதியர். சிலர் குடும்பநல உத்தியோகத்தர்களாகச் சைக்கிளில் ஊர் ஊராகத் திரிந்தவர்கள். இலங்கையிலும் கனடாவிலும் இங்கிலாந்திலும் அவுஸ்திரேலியாவிலும் வேலை செய்தாலும், அண்மைக் காலமாக எங்கள் எல்லோரிடமும் வந்து சேரும் கேள்வி ஒன்றுதான். "தடுப்பூசி போடுங்கள் என்று சொல்வதற்கு அரசாங்கங்கள் ஏன் இவ்வளவு பணத்தை விளம்பரத்தில் கொட்டுகின்றன? அந்தப் பணத்துக்கு மருந்து வாங்கலாமே?"

இது நியாயமான கேள்வி. 2022 ஆம் ஆண்டில் எங்கள் வைத்தியசாலைகளில் மருந்துத் தட்டுப்பாடு எப்படி இருந்தது என்பதைக் கண்டவர்கள் இக்கேள்வியைக் கேட்காமல் இருக்க முடியாது. எங்கள் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். மக்களுக்கு எடுத்துச் சொல்வதற்கு அரசு செலவழிக்கத்தான் வேண்டும். ஆனால் யார் வாயால், எந்த மொழியில், எந்தக் காலத்தில் சொல்லப்படுகிறது என்பதைப் பொறுத்தே அந்தப் பணம் பயன் தருகிறது, அல்லது வீணாகிறது. இதற்கான காரணங்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறோம்.

முதலில் எங்கள் நாட்டைப் பார்ப்போம். இலங்கைக்குத் தடுப்பூசி வந்தது 1802 இல். பெரியம்மைக்கு அம்மைப்பால் குத்தும் வழக்கம் அப்போது ஆரம்பமானது. 1886 இல் அதற்கென ஒரு சட்டமும் வந்தது. ஆனால் சட்டம் போட்டவுடன் சனங்கள் கையை நீட்டிவிடவில்லை. அம்மாள் வருத்தம் என்று வேப்பிலை கட்டி, வாசலில் அந்நியர் வராமல் காத்த வீடுகளுக்கு, அதிகாரியின் கட்டளை நோயைவிடப் பயமாக இருந்தது. கட்டளைக்கும் நம்பிக்கைக்கும் இடையில் இருந்த தூரத்தைக் கடப்பதற்கு நாடு ஒரு நூற்றாண்டுக்கு மேல் எடுத்தது.

அந்தத் தூரத்தைக் குறைத்தவர்களில் ஒருவரை யாழ்ப்பாணத்தில் நாம் மறக்கக்கூடாது. மானிப்பாயில் பணியாற்றிய அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மேலைத்தேய வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தார், மருத்துவ நூல்களைத் தமிழில் வெளியிட்டார். நோயையும் மருந்தையும் பற்றிச் சனங்களுக்குச் சனங்களின் மொழியில் சொல்ல வேண்டும் என்பதை 19 ஆம் நூற்றாண்டிலேயே அவர் உணர்ந்திருந்தார். இன்று எத்தனை இலட்சம் ரூபா செலவழித்து விளம்பரம் செய்பவர்களும் முதலில் படிக்க வேண்டிய பாடம் அதுதான்.

1926 இல் களுத்துறையில் நாட்டின் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்டது. இன்று சுகாதார வைத்திய அதிகாரி பிரிவு என்று நாம் சொல்லும் ஒழுங்கின் ஆரம்பம் அது. அந்த ஒழுங்கின் அடித்தளம் குடும்பநல உத்தியோகத்தர். ஊரில் யார் கர்ப்பமாக இருக்கிறார், எந்த வீட்டில் பிள்ளை பிறந்திருக்கிறது, எந்தப் பிள்ளை போன மாதம் கிளினிக்குக்கு வரவில்லை என்பதெல்லாம் அவருடைய பதிவேட்டில் இருக்கும். வராத பிள்ளையைத் தேடி அவரே வீட்டுக்குப் போவார். "பிள்ளைக்குக் காய்ச்சல், அதுதான் வரேல்லை" என்று தாய் சொன்னால், முற்றத்தில் நின்று நாலு வார்த்தை பேசி அடுத்த திகதியைச் சொல்லிவிட்டு வருவார்.

1949 இல் காசநோய்க்கான பீ.சீ.ஜீ. ஊசி வந்தது. 1961 இல் தொண்டைக்கரப்பான், குக்கல், ஏற்புவலி மூன்றுக்குமான முக்கூட்டு ஊசி வந்தது. 1962 இல் இளம்பிள்ளைவாதம் நாடெங்கும் பரவியபோது போலியோ சொட்டு மருந்து வந்தது. 1978 இல் விரிவாக்கப்பட்ட நோய்த்தடுப்புத் திட்டம் தொடங்கியது. 1984 இல் சின்னமுத்து ஊசி சேர்ந்தது. இன்று எங்கள் நாட்டில் குழந்தைகளுக்கான அடிப்படைத் தடுப்பூசிகள் 95 வீதத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளைச் சென்றடைகின்றன. எங்களைவிடப் பல மடங்கு பணக்கார நாடுகள் சில இந்த அளவை எட்டவில்லை.

இந்த வெற்றியைப் பெரிய விளம்பர நிறுவனங்கள் ஈட்டித் தரவில்லை. எங்கள் நாட்டின் மிகச் சிறந்த தடுப்பூசி விளம்பரம் சைக்கிளில் வந்த ஒரு பெண். அவருடைய மாதச் சம்பளம்தான் அரசாங்கம் இத்துறையில் செய்த மிகப் பயனுள்ள விளம்பரச் செலவு. கணக்குப் புத்தகத்தில் அது விளம்பரம் என்ற தலைப்பில் எழுதப்படுவதில்லை. அதனால்தான் பலருடைய கண்ணில் அது படுவதில்லை.

அப்படியானால் பத்திரிகை, வானொலி, தொலைக்காட்சி விளம்பரங்கள் வேண்டாமா? வேண்டும். அவற்றுக்குரிய வேலை வேறு. 1995 இல் போலியோவை ஒழிப்பதற்கான தேசிய நோய்த்தடுப்பு நாட்கள் ஆரம்பமானதை உங்களில் பலர் நினைவில் வைத்திருப்பீர்கள். குறித்த நாளில், நாடு முழுவதிலும், ஐந்து வயதுக்குட்பட்ட ஒவ்வொரு பிள்ளைக்கும் சொட்டு மருந்து கொடுக்க வேண்டும். போர்க்காலத்தில்கூட அந்த நாட்களுக்கென இரு தரப்பும் இணங்கித் துப்பாக்கிகள் அடங்கின. எந்தத் திகதி, எந்தப் பாடசாலை, எத்தனை மணி என்பதை ஒரே கிழமைக்குள் எல்லோருக்கும் தெரியப்படுத்துவதற்கு வானொலியும் சுவரொட்டியும் ஒலிபெருக்கியும் இன்றியமையாதவை. இலங்கையின் கடைசிப் போலியோ நோயாளி 1993 இல் பதிவானார். 2014 மார்ச் 27 இல் எங்கள் பிராந்தியம் முழுவதும் போலியோ அற்றதாக உலக சுகாதார ஸ்தாபனத்தால் சான்றளிக்கப்பட்டது.

ஆகவே விளம்பரம் செய்யக்கூடிய வேலைகள் மூன்று என்று நாங்கள் பிரித்துப் பார்க்கிறோம். ஒன்று, அறிவித்தல். இரண்டு, மறந்தவர்களுக்கு நினைவூட்டல். மூன்று, சந்தேகப்படுபவர்களின் சந்தேகத்தைத் தீர்த்தல். முதல் இரண்டையும் விளம்பரம் நன்றாகச் செய்யும். மூன்றாவதைத் தனியே செய்ய அதனால் முடியாது.

அறிவித்தலின் பலத்துக்கு இங்கிலாந்தில் ஓர் உதாரணம் இருக்கிறது. தொண்டைக்கரப்பானுக்கான தடுப்பூசி 1920களிலேயே இருந்தது. ரொறொன்ரோவில் கொனோட் ஆய்வுகூடம் அதைத் தயாரிக்க, கனடாவின் நகரங்கள் அப்போதே பிள்ளைகளுக்குப் போடத் தொடங்கிவிட்டன. பிரித்தானியாவில் தேசிய அளவில் எடுத்துச் சொல்லும் முயற்சி 1940 வரை நடக்கவில்லை. உலகப் போர் நடந்துகொண்டிருந்த அந்தக் காலத்தில் அரசு ஊசியை இலவசமாக்கியது. சுவரொட்டி, பத்திரிகை, வானொலி, சினிமாக் கொட்டகை என்று எல்லா வழியிலும் தாய்மாருக்குச் சொன்னது. 1940 இல் ஐக்கிய இராச்சியத்தில் 61,000க்கு மேற்பட்டோருக்கு அந்த நோய் வந்தது, 3,283 பேர் இறந்தார்கள். 1957 இல் நோயுற்றோர் 38 பேர், இறந்தோர் 6 பேர். நோயைத் தடுத்தது ஊசிதான், சுவரொட்டியல்ல. ஆனால் ஊசி இருபது வருடமாக உலகில் இருந்தும், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வரச்சொல்லி யாரும் அழைக்காதவரை அது பிரித்தானியத் தாய்மாருக்குப் பெருமளவில் பயன்படவில்லை என்பதைக் கவனியுங்கள்.

சந்தேகத்தைத் தீர்க்கும் வேலைக்கு இப்போது வருகிறோம். எங்கள் பெண்கள் கல்லூரியோடு நேரடியாகத் தொடர்புள்ள ஓர் ஊசியை எடுத்துக்கொள்கிறோம். கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. ஊசி. 2017 முதல் இலங்கையில் தரம் 6 மாணவிகளுக்குப் பாடசாலையிலேயே, ஆறு மாத இடைவெளியில் இரு தடவை இலவசமாகப் போடப்படுகிறது. இந்த நோய் எங்கள் நாட்டுப் பெண்களுக்கு அதிகமாக வரும் புற்றுநோய்களில் ஒன்று. இங்கிலாந்தில் 12, 13 வயதில் இந்த ஊசி வழங்கப்பட்ட பெண்களிடையே அந்தப் புற்றுநோய் 87 வீதத்தால் குறைந்ததாக 2021 இல் வெளியான ஆய்வு காட்டியது. புற்றுநோய் வராமல் தடுக்கும் ஊசி என்று எங்கள் அம்மம்மாவிடம் சொல்லியிருந்தால் நம்பியிருக்கமாட்டார். இப்போது அது இருக்கிறது. ஆனாலும் அந்த ஊசியைச் சுற்றி உலகெங்கும் பயக்கதைகள் பரவியிருக்கின்றன. பிள்ளைப்பேறு இல்லாமல் போகும் என்பது அவற்றில் ஒன்று. அதற்கு ஆதாரம் எதுவும் இல்லை.

இந்தப் பயக்கதைகளுக்கு முன்னால் இரண்டு அரசாங்கங்கள் எப்படி நடந்துகொண்டன என்பதைப் பார்ப்போம்.

ஜப்பானில் 2013 ஏப்ரலில் இந்த ஊசி தேசியத் திட்டத்தில் சேர்க்கப்பட்டது. ஊசி போட்ட சில பிள்ளைகளுக்குத் தீராத வலியும் வலிப்பும் வந்ததாகத் தொலைக்காட்சியிலும் பத்திரிகையிலும் செய்திகள் வந்தன. அந்தப் பிள்ளைகள் துன்பப்பட்டது உண்மை. காரணம் ஊசிதானா என்பது ஆராயப்பட வேண்டியிருந்தது. அவ்வாண்டு ஜூனில் அரசு, ஊசியை நிறுத்தவில்லை, அதற்குப் பணம் வாங்கவுமில்லை. தானாக முன்வந்து பரிந்துரைப்பதை மட்டும் நிறுத்திக்கொண்டது. வீடுகளுக்குக் கடிதம் போவது நின்றது. அவ்வளவுதான் நடந்தது. 70 வீதமளவில் இருந்த தடுப்பூசி அளவு, அடுத்த வயதுப் பிள்ளைகளிடையே ஒரு வீதத்துக்கும் கீழே விழுந்தது. பின்னர் நகோயா நகரத்தில் ஏறத்தாழ 30,000 பெண்களிடம் நடத்திய ஆய்வில், ஊசி போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் அந்த நோய்க்குறிகளில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. ஆனாலும் பரிந்துரை மீண்டும் தொடங்கியது 2022 ஏப்ரலில்தான். 2013க்கும் 2019க்கும் இடையில் ஊசி தவறியதால் எதிர்காலத்தில் சுமார் 25,000 பெண்களுக்கு மேலதிகமாக இந்தப் புற்றுநோய் வரலாம் எனவும், 5,000 பேர் வரையில் இறக்கலாம் எனவும் ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். ஊசி மருந்தகத்தில் இருந்தது, இலவசமாகவும் இருந்தது. அரசின் வாய் மட்டும் மூடியிருந்தது. எடுத்துச் சொல்வதற்கான செலவை மிச்சம் பிடிப்போம் என்று சொல்பவர்களுக்கு எங்கள் பதில் இதுதான்.

அயர்லாந்திலும் அதே கதை தொடங்கியது. அங்கே பாடசாலை மாணவிகளில் ஏறத்தாழ 87 வீதத்தினர் ஊசி போட்டுக்கொண்டிருந்தார்கள். ஊசியால் பிள்ளைகள் நெடுநாட் களைப்பால் படுத்துவிட்டார்கள் என்ற குரல் எழுந்தது. இரண்டே ஆண்டுகளில், 2016 – 2017 கல்வியாண்டில், அளவு 50 வீதமளவுக்கு வந்துவிட்டது. அயர்லாந்து அரசு வாயை மூடவில்லை. சுகாதார சேவை, வைத்தியர் சங்கங்கள், புற்றுநோய்ச் சங்கம், பெண்கள் அமைப்புகள், பாடசாலை சார்ந்தவர்கள் எல்லோரையும் ஒரு கூட்டணியாகச் சேர்த்தது. பாடசாலைகளில் ஊசி போடும் தாதியருக்கும் ஊர் வைத்தியர்களுக்கும், பெற்றோர் கேட்கக்கூடிய ஒவ்வொரு கேள்விக்கும் எப்படிப் பதில் சொல்வது என்று பயிற்சி அளித்தது.

அந்த நேரத்தில் லோரா பிரெனன் என்ற இளம் பெண் முன்வந்தார். 24 வயதில் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் கண்டவர். நோய் குணப்படுத்த முடியாத நிலைக்குப் போய்விட்டது என்று அறிந்த பின், சுகாதார சேவைக்குத் தானே அறிவித்து, என் கதையைச் சொல்லுங்கள் என்றார். நடிகையை வைத்து எடுத்த விளம்பரம் அல்ல அது. அவருடைய முகம், அவருடைய குரல், அவருடைய ஊர்ப் பேச்சு. பிள்ளைகளின் பெற்றோரோடு அவர் பேசினார். தடுப்பூசி அளவு மீண்டும் ஏறத் தொடங்கி, சில ஆண்டுகளில் 70 வீதத்தைத் தொட்டது. அவர் 2019 மார்ச்சில், 26 வயதில் காலமானார். அவரைப் பற்றி இங்கே சொல்வது உங்கள் கண்ணில் நீர் வரவழைப்பதற்காக அல்ல. எத்தனை மில்லியன் கொடுத்தாலும் விளம்பர நிறுவனத்தால் தயாரிக்க முடியாத பொருள் ஒன்று உண்டு, அது நம்பத்தக்க ஒரு மனிதர் என்பதைச் சொல்வதற்காக.

இந்தியாவும் இதையே கற்றுக்கொண்டது. போலியோ சொட்டு மருந்துக்கு அமிதாப் பச்சன் தொலைக்காட்சியில் தோன்றி அழைத்தார். நாடெங்கும் அவருடைய குரல் கேட்டது, பலர் வந்தார்கள். ஆனால் உத்தரப் பிரதேசத்தில் கதவைத் திறக்க மறுத்த வீடுகள் இருந்தன. அந்தக் கதவுகளைத் திறந்தவர்கள் அதே தெருவில் வசித்த பெண்கள். யூனிசெப்பின் உதவியோடு பயிற்சி பெற்று, வீடு வீடாகப் போய்ப் பேசினார்கள். ஊர் மதப் பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு போனார்கள். 2011 ஜனவரியில் மேற்கு வங்காளத்தில் கண்ட ஒரு சிறுமியோடு இந்தியாவில் போலியோ முடிந்தது. இலங்கைக்குச் சான்றிதழ் கிடைத்த அதே நாளில்தான் இந்தியாவுக்கும் கிடைத்தது. பெரிய நடிகரின் குரல் தெருமுனை வரை வந்தது. தெருமுனையிலிருந்து அடுப்படி வரை போவதற்கு அயல்வீட்டுப் பெண் தேவைப்பட்டார்.

இனிப் பணத்துக்கு வருவோம். அண்மைக் காலத்தில் இத்துறையில் மிகப் பெரிய தொகையைச் செலவிட்ட நாடு அமெரிக்கா. கொவிட் தடுப்பூசிக்காக 2021 ஏப்ரலில் அதன் சுகாதாரத் திணைக்களம் ஆரம்பித்த பிரசாரத்துக்கு 900 மில்லியன் டொலருக்கு மேல் ஒப்பந்தம் செய்யப்பட்டது. முதல் ஓராண்டில் அந்தப் பிரசாரம் சுமார் 22 மில்லியன் மக்களைத் தடுப்பூசி போடத் தூண்டியது என்றும், 50,000க்கு மேற்பட்ட மரணங்களைத் தவிர்த்தது என்றும், செலவிட்ட ஒவ்வொரு டொலருக்கும் ஏறத்தாழ 90 டொலர் நன்மை கிடைத்தது என்றும் 2024 இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. அதே ஆண்டில் அமெரிக்கக் காங்கிரஸின் ஒரு குழு அந்தப் பிரசாரத்தைக் கடுமையாகக் கண்டித்து அறிக்கை வெளியிட்டது. ஊசியின் பலனை மிகைப்படுத்திச் சொன்னதால், சுகாதாரத் துறையின் மீதிருந்த நம்பிக்கையே குறைந்தது என்பது அக்குழுவின் குற்றச்சாட்டு.

இரண்டையும் நாங்கள் வாசித்தோம். இரண்டிலும் எங்களுக்குப் பாடம் இருக்கிறது. அந்த ஆய்வை எழுதியவர்களுள் பிரசாரத்தை நடத்திய தரப்பினரும் இருந்தார்கள். சமைத்தவரே ருசி பார்த்துப் புள்ளி போட்டால், கறி நன்றாக இருந்தாலும் கேட்பவர் முழுமையாக ஏற்கமாட்டார். பொதுப் பணத்தில் நடக்கும் விளம்பரத்தின் பலனை, அதில் பங்கில்லாத ஒருவர் அளக்க வேண்டும். காங்கிரஸ் குழுவோ அரசியல்வாதிகளின் குழு, அதற்கும் ஒரு பக்கம் உண்டு. ஆனாலும் ஒரு விடயம் சரி. ஊசி போட்டால் நோயே வராது என்று சொல்லிவிட்டு, பிறகு ஊசி போட்டவருக்கும் கொவிட் வந்தபோது, சொன்னவரின் அடுத்த வார்த்தையும் மதிப்பிழந்தது. பெருநோயும் மரணமும் வரும் ஆபத்து மிகவும் குறையும் என்று உள்ளதை உள்ளபடி சொல்லியிருந்தால் அது நிலைத்திருக்கும். காய்ச்சல் வரும், கை நோகும் என்று முன்கூட்டிச் சொல்லும் குடும்பநல உத்தியோகத்தரை ஊர் நம்புவது அதனால்தான்.

செலவைக் குறைப்பதும் இப்போது ஆரம்பித்திருக்கிறது. 2025 பெப்ரவரியில் அமெரிக்காவின் லூசியானா மாநிலச் சுகாதாரத் திணைக்களம், பொதுமக்களைத் தடுப்பூசி போடும்படி பெருமளவில் ஊக்குவிக்கும் பணியை இனிச் செய்வதில்லை என்று அறிவித்தது. ஜப்பானின் எட்டு, ஒன்பது ஆண்டுகளை அறிந்தவர்களுக்கு இச்செய்தி கவலை தரும்.

கனடாவிலிருந்து வந்திருக்கும் சகோதரிகளுக்கு இன்னொரு செய்தி தெரிந்திருக்கும். 1998 முதல் சின்னமுத்து அற்ற நாடு என்ற நிலையில் இருந்த கனடா, 2025 நவம்பரில் அந்த நிலையை இழந்தது. அந்த ஆண்டில் மட்டும் 5,000 பேருக்கு மேல் நோய் கண்டது. எங்கள் நாட்டுக்கும் இது புதிதல்ல. சின்னமுத்தை ஒழித்த நாடு என்று இலங்கை 2019 இல் சான்று பெற்றது. 2023 இல் அது திரும்பி வந்தது. தடுப்பூசி அளவு நாடளாவிய கணக்கில் உயர்வாகவே இருந்தது. ஆனால் சராசரிக்குள் ஒளிந்திருந்த சிறு சிறு இடைவெளிகளை அந்தக் கிருமி கண்டுபிடித்துவிட்டது. சின்னமுத்து அப்படித்தான். நூற்றுக்கு ஐந்து பேர் ஊர் முழுவதும் சிதறி இருந்தால் அது பரவுவது கடினம். அந்த ஐந்து பேரும் ஒரே குடியிருப்பில் இருந்தால் தீப்போலப் பரவும்.

இங்கேதான் பணத்தைப் பற்றிய எங்கள் முக்கியமான கருத்து வருகிறது. நோய் பரவும்போது அரசுகள் அவசர அவசரமாக விளம்பரத்துக்குப் பணம் ஒதுக்குகின்றன. நோய் அடங்கியதும் அந்த ஒதுக்கீடும் போய்விடுகிறது. சின்னமுத்து என்றால் என்னவென்று கண்ணால் காணாத தலைமுறை தாயாகும்போது, அவருக்கு ஊசியின் பயனைச் சொல்ல யாரும் இல்லை. ஊசியைப் பற்றிய பயத்தைச் சொல்ல மட்டும் கையில் இருக்கும் தொலைபேசியில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். தீப்பிடித்த பின் கிணறு வெட்டுவது எங்கள் ஊரில் கேலிக்குரிய காரியம். சுகாதார விளம்பரத்தில் அதையே பல நாடுகள் ஒழுங்காகச் செய்துவருகின்றன. நோய் இல்லாத அமைதியான காலத்தில், சிறு தொகையாயினும் ஆண்டுதோறும் தவறாமல் செலவிடுவதே சிக்கனம்.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். வேறு மொழியில் சிந்தித்து எழுதியதை அவசரமாகத் தமிழில் பெயர்த்து அச்சடித்த துண்டுப்பிரசுரங்களை நாங்கள் எத்தனையோ பார்த்திருக்கிறோம். எழுத்துப் பிழை ஒரு பக்கம். தாய் வீட்டில் பேசாத சொற்கள் மறு பக்கம். "நோயெதிர்ப்பூக்கல்" என்று எழுதினால் எத்தனை பேர் படிப்பார்கள்? "ஊசி" என்று எழுதினால் எல்லோரும் படிப்பார்கள். வதந்தியோ நல்ல தமிழில், பேச்சு வழக்கில், தெரிந்தவரின் குரலில், வட்ஸ்அப்பில் வருகிறது. அதற்கான பதில் பத்து நாள் கழித்து, புரியாத தமிழில், முத்திரையிட்ட கடிதமாக வந்தால் யார் வெல்வார் என்று கேட்கத் தேவையில்லை. லண்டனிலும் ரொறொன்ரோவிலும்கூட அங்குள்ள அரசுகள் தமிழில் சுகாதாரத் தகவல் வெளியிடுகின்றன. அவற்றின் தமிழும் எப்போதும் எங்கள் அம்மாமார் பேசும் தமிழாக இருப்பதில்லை.

ஆகவே, எந்த நாட்டில் வரி கட்டினாலும், அந்த நாட்டு அரசிடம் நாம் கேட்க வேண்டியவை என நாங்கள் கருதுபவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறோம்.

முதலாவது, விளம்பரத்துக்கென ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கு, வீட்டுக்கு வந்து பேசும் ஆளுக்குப் போக வேண்டும். குடும்பநல உத்தியோகத்தர் வெற்றிடம் நிரப்பப்படாத ஊரில் பெரிய பதாகை கட்டுவதில் அர்த்தமில்லை.

இரண்டாவது, எவ்வளவு செலவானது, யாருக்கு ஒப்பந்தம் போனது, அதற்குப் பின் எத்தனை பிள்ளைகள் கூடுதலாக ஊசி போட்டார்கள் என்ற கணக்கு வெளியிடப்பட வேண்டும். அமைச்சரின் படம் பெரிதாகவும் கிளினிக் திகதி சிறிதாகவும் இருக்கும் விளம்பரம் சுகாதார விளம்பரமாகாது.

மூன்றாவது, தமிழ் மக்களுக்கான தகவல் தமிழிலேயே எழுதப்பட வேண்டும். அச்சுக்குப் போக முன், பத்துத் தாய்மாருக்கு வாசித்துக் காட்ட வேண்டும்.

நான்காவது, பக்க விளைவுகளை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஊசிக்குப் பின் பிள்ளைக்குச் சுகமில்லை என்று ஒரு தாய் சொன்னால், அவரை அறியாமைக்காரி என்று ஒதுக்காமல், இருந்து கேட்டு, ஆராய்ந்து, பதில் சொல்ல வேண்டும்.

ஐந்தாவது, இந்தச் செலவு நோய் வராத வருடத்திலும் தொடர வேண்டும்.

அரசிடம் கேட்பதோடு எங்கள் கடமை முடிவதில்லை. இந்தச் சங்கத்திடமும் மூன்று வேண்டுகோள்கள் வைக்கிறோம். ஒவ்வொரு வருடமும் தரம் 6 மாணவிகளுக்கு ஊசி போடும் நாளுக்கு முன், தாய்மாரையும் தந்தைமாரையும் கல்லூரிக்கு அழைத்து ஒரு மாலைப் பொழுது பேசுவோம். எங்களில் யாராவது ஒருவர் எப்போதும் வருவோம், கட்டணம் எதுவுமில்லை. இரண்டாவதாக, சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகம் வெளியிடும் தமிழ்ப் பிரசுரங்களைத் திருத்திக் கொடுக்க, எங்கள் தமிழாசிரியைகளில் ஓய்வுபெற்ற இருவர் அல்லது மூவர் முன்வர வேண்டும். தமிழ் இலக்கணத்தை எங்களுக்குத் தலையில் குட்டிக் கற்பித்தவர்களுக்கு இது சின்ன வேலை. மூன்றாவதாக, வெளிநாடுகளில் இருக்கும் சகோதரிகளே, உங்கள் வட்ஸ்அப் குழுவில் ஊசி பற்றிய பயக்கதை ஒன்று வந்தால், அதை ஊருக்கு அனுப்ப முன் எங்களில் ஒருவரைக் கேளுங்கள். ஊரில் இருக்கும் தங்கைக்கு லண்டன் அக்கா அனுப்பிய செய்தி அரசாங்க விளம்பரத்தைவிடப் பெரியது. அந்தப் பலம் உங்களிடம் இருக்கிறது என்பதை மறந்துவிடாதீர்கள்.

அதோடு, எங்கள் தலைமுறைக்கு அந்த ஊசி கிடைக்கவில்லை என்பதையும் நினைவூட்டுகிறோம். இலங்கையில் இருப்பவர்கள் 35 வயதிலும் 45 வயதிலும் சுகவனிதையர் கிளினிக்குக்குப் போய் இலவசப் பரிசோதனையைச் செய்துகொள்ளுங்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் அங்கிருந்து வரும் அழைப்புக் கடிதத்தைப் பிரிக்காமல் வைக்காதீர்கள். அந்தக் கடிதமும் உங்கள் வரிப்பணத்தில் அச்சடிக்கப்பட்டதுதான்.

நூறு வருடத்துக்கு முன் இந்தச் சங்கத்தைத் தொடங்கியவர்களின் காலத்தில், பெற்ற பிள்ளைகள் எல்லாம் பிழைக்கும் என்று எந்தத் தாயும் எதிர்பார்க்கவில்லை. இன்று நாம் அப்படி எதிர்பார்க்கிறோம். அந்த எதிர்பார்ப்பு மருந்தால் மட்டும் வந்ததல்ல. மருந்தைப் பற்றிப் பொறுமையாக, உண்மையாக, எங்கள் மொழியில் எடுத்துச் சொன்ன ஆயிரக்கணக்கான பெண்களாலும் வந்தது. அவர்களில் பலர் எங்களைப் போலப் பாடசாலைச் சீருடை அணிந்து படித்தவர்கள். அந்த வேலைக்கு ஆட்களும் பணமும் குறையாமல் பார்த்துக்கொள்வது அடுத்த நூறு வருடத்துக்கான எங்கள் பொறுப்பு.